வேனுக்குள் படுக்கையா? சூடு வரட்டும்... நெருப்பு வேண்டாம்!

எங்கள் கட்டுமாவடிப் பக்கம் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மார்கழி விடியக்காலத்தில் கடல் காற்றோடு கொஞ்சம் பனி இறங்கும். மீன் மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "என்ன குளிரு... என்ன குளிரு!" என்பார்கள். தெர்மாமீட்டரில் பார்த்தால் 20 டிகிரிக்கு மேலேதான் இருக்கும்!

இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் தைப்பூசத்துக்குப் பழனி போன கையோடு, "வந்தது வந்தோம், கொடைக்கானலையும் பார்த்துட்டுப் போயிடுவோமே" என்று வேனைத் திருப்புகிறார்கள். சீசன் நாளில் லாட்ஜில் ரூம் கிடைக்காது. கிடைத்தாலும் சொல்கிற வாடகையைக் கேட்டால் அதுவே ஒரு குளிர் ஜுரம்! அதனால் ஆணும் பெண்ணும் குழந்தையும் குட்டியுமாக வேனிலேயே படுத்துவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. சிக்கனம், எல்லோரும் ஒன்றாக இருக்கிற சந்தோஷம் வேறு. ஆனால் ராத்திரி 2 மணிக்குப் பல் கிட்டித்துப் போகிற குளிர் வந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வாழ்வும் சாவும் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். ஊட்டி அதற்கும் மேலே, 2,200 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. ஆக, நம் ஊரில் 21 டிகிரி இருக்கிற ராத்திரியில் அங்கே ஏழு, எட்டுதான். வானத்தில் மேகமில்லாத ராத்திரியில் இன்னும் இறங்கும். ஊட்டியில் தை மாதம் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்வதைப் பேப்பரில் வருஷா வருஷம் படம் போடுகிறார்களே, அதுதான்.

நம் முன்னோர்கள் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்ததில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. நாளைப் பிரித்ததில் வைகறை என்பது விடிவதற்கு முந்திய பொழுது. குளிர் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது "தாங்கிக்கலாம்" என்று தோன்றுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏற்பாடெல்லாம் வைகறைக் குளிரை மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி சொல்லும் பாடம்

மீன்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. தெர்மக்கோல் பெட்டியில் ஐஸைப் போட்டு மூடினால் வெயிலில்கூட நெடுநேரம் கரையாமல் இருக்கிறது. தெர்மக்கோல் ஐஸைக் குளிர வைக்கிறதா? இல்லை. வெளியில் இருக்கிற சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதையே திருப்பிப் போடுங்கள். உள்ளே இருக்கிற சூட்டையும் அது வெளியே விடாது.

"உள்ளே சூடு எங்கே இருக்கு?" என்று கேட்கிறீர்களா? நீங்கள்தான் சூடு! சும்மா படுத்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 80 வாட்ஸ் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற மாதிரி. பத்துப் பேர் படுத்திருக்கிற வேனில் 800 வாட்ஸ் ஹீட்டர் ஒன்று கரண்டும் இல்லாமல் செலவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டை வேன் திருடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேன் எப்படித் திருடும்? முதல் திருடன் தரை. மரப்பலகையில் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. அதே ராத்திரியில் எவர்சில்வர் தட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும், உலோகம் உங்கள் கைச்சூட்டை விறுவிறு என்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வேனின் தரை தகரம். அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை மட்டும் விரித்துப் படுத்தால், மேலே நாலு கம்பளி போர்த்தினாலும் முதுகு வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். நம் ஆட்கள் மேலே போர்த்துவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். கீழே விரிப்பதுதான் முதல் வேலை.

தரையில் முதலில் தெர்மக்கோல் ஷீட் அல்லது பிரித்த அட்டைப்பெட்டி. (மீன் பெட்டியை உடைத்து விரிக்க வேண்டாம், அந்த வாசனையோடு ராத்திரி கழியாது!) அதன்மேல் சாக்கு. அதன்மேல் கோரைப்பாய் இரண்டு. கடைசியில் ஜமுக்காளம், மெத்தை ஏதாவது இருந்தால் அது. ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் சிக்கிக்கொள்கிற காற்றுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. போர்வைக்கும் அதே நியாயம். ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை மேல்.

அடுத்தது கண்ணாடி. வேன் முழுக்க ஜன்னல்தானே! ஜன்னல் அளவுக்கு அட்டையோ தெர்மக்கோலோ வெட்டி வைத்துக்கொண்டால் ராத்திரி செருகிவிட்டுக் காலையில் எடுத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் பழைய புடவையை நாலாக மடித்துக் கட்டுங்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த படுதாவைத் தொங்கவிட்டால் முன்கண்ணாடிக் குளிர் பின்பக்கம் வராது. அந்தப் படுதாவுக்கு முன்னால் டிரைவர் தம்பி படுத்திருப்பார், அவரை மறந்துவிடாதீர்கள். வேனில் வருகிற பன்னிரண்டு பேருக்கும் போர்வை எடுத்து வைக்கிற வீட்டில் டிரைவருக்கு மட்டும் ஒரு துண்டு! மறுநாள் மலைப்பாதை வளைவுகளில் உங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் போகிறவர் அவர்தான்.

எல்லாவற்றையும் அடைத்த பிறகு இரண்டு ஜன்னலை மட்டும், எதிரும் புதிருமாக, இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள். "இதென்ன டாக்டர், அடைக்கச் சொல்லிவிட்டுத் திறக்கச் சொல்றீங்க?" என்பீர்கள். ஒரு ராத்திரியில் ஒரு மனிதரின் மூச்சிலும் தோலிலும் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. பத்துப் பேர் என்றால் பத்து டம்ளர். அது எங்கே போகும்? குளிர்ந்த தகரத்தில் பட்டு, வேர்த்து, சொட்டுச் சொட்டாக உங்கள் போர்வையிலேயே விழும். ஈரமான போர்வை போர்த்தியும் போர்த்தாத மாதிரிதான். ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்தப் புழுக்கம் வேறு வினை. கொஞ்சம் குளிர் காற்று வந்தாலும் பரவாயில்லை, காய்ந்த போர்வை அதைச் சமாளித்துக்கொள்ளும்.

கங்கு என்கிற எமன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

போன வருஷம் தை மாதம் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பக்கத்து ஊர், மீன் வியாபாரம். கொடைக்கானல் போய்த் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. "ஐயா, அப்பத்தாவுக்குப் பித்தம் தலைக்கு ஏறிருச்சு. ஒரு கசாயம் குடுங்க" என்றார் பேரன். அந்த அம்மாளைப் பார்த்தால் ஒரு மாதிரி மந்தமாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் வர நேரமானது.

"ஒங்களுக்கெல்லாம் தலை வலிச்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா, எல்லாருக்கும்தான். மலை ஏறுனதுல சுத்துதுன்னு நெனச்சோம்."

"ராத்திரி வேன்லயா படுத்தீங்க?"

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரோட்டோரம் கரியில் சமைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சிய கங்கை ஒரு அலுமினியச் சட்டியில் அள்ளி, வேனுக்குள் நடுவில் வைத்து, கதவையும் கண்ணாடியையும் இறுக்க மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். "சாம்பல் பூத்த கங்குதாங்கய்யா, பொகையே இல்ல" என்றார் பேரன். நடு ராத்திரியில் அப்பத்தாவுக்குத் தலை பாரம். யாரோ தைலம் தேய்த்துவிட்டு, "தூங்கு அப்பத்தா, காலைல சரியாயிரும்" என்று படுக்க வைத்திருக்கிறார்கள். நல்லகாலமாக ஒரு சின்னப் பெண்ணுக்கு வாந்தி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தாய் கதவைத் திறந்து இறங்கினார், கால் துவண்டு படியிலேயே விழுந்துவிட்டார். திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. அத்தனை பேரும் பிழைத்தது அதனால்தான்.

அந்த அம்மாளுக்கு நான் கசாயம் கொடுக்கவில்லை. நேரே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

புகை இல்லாத கங்குதானே, என்ன செய்யும் என்று நினைக்கிறோம். அங்கேதான் ஆபத்து. கரி, விறகு, மண்ணெண்ணெய், கேஸ், டீசல் எதுவானாலும் போதிய காற்று கிடைக்காமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் சீட்டெல்லாம் வேறு யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. ஆக்ஸிஜன் ஏற இடமே இருக்காது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போகாது. தூக்கத்தில் இருக்கிறவருக்குத் தூக்கம் ஆழமாகும், அவ்வளவுதான் தெரியும். மலை மேலே ஏற்கெனவே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எங்க பாட்டி காலத்துல பிள்ளை பெத்த ரூம்ல கங்குச் சட்டி வெச்சாங்களே... குழந்தைக்குச் சாம்பிராணி போடறோமே... அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்வி. என்னிடம் வருகிற பெரியவர்கள் எல்லோரும் கேட்பது. அந்த வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கீற்றுக் கூரை, இல்லாவிட்டால் நாட்டு ஓடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி. கதவுக்குக் கீழே இரண்டு விரல் சந்து. வீடு தானாகவே மூச்சு விட்டது. வேனின் ஜன்னலுக்கு ரப்பர் பீடிங், கதவுக்கு ரப்பர் பீடிங். ஊதினால்கூடக் காற்று போகாது. பாட்டி செய்ததை அப்படியே தகரப் பெட்டிக்குள் செய்யக் கூடாது. இன்றைய கான்கிரீட் வீடும், ஏ.சி. போட்ட ரூமும் ஏறக்குறைய அந்தத் தகரப் பெட்டிதான். ஆகவே குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதானாலும் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டு, கங்கை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

காஷ்மீரில் காங்ரி என்று கங்கு நிரப்பிய சின்ன மண்சட்டியைக் கூடைக்குள் வைத்து உடைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அதைச் சினிமாவில் பார்த்துவிட்டு "அவங்க செய்யறாங்களே" என்பவர்களும் உண்டு. அந்தச் சூடு வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு வயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்றுநோய் வருவது மருத்துவப் புத்தகங்களில் காங்ரியின் பெயராலேயே இருக்கிறது.

நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தில் டாமன் என்கிற மலை வாசஸ்தலத்தில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் கேஸ் ஹீட்டர் வைத்த, கதவு ஜன்னல் பூட்டிய அறையில் நினைவிழந்து கிடந்து இறந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே, கரி அடுப்பில் இறைச்சி சுட்டுவிட்டு அந்த அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்த திருச்சி இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவில்லை. அதே வருஷம் டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரை பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே கங்கும் இல்லை, அடுப்பும் இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் இந்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 900 பங்கைத் தாண்டியது. உயிரைக் குடிக்கிற அளவு அது.

ஆகவே கங்கு மட்டுமல்ல. "எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கலாம்" என்று டிரைவர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடுகிற வண்டியில் புகை பின்னால் போய்விடும். நிற்கிற வண்டியில் அது வண்டிக்கு அடியிலேயே தேங்கி, தரையில் இருக்கிற ஓட்டை வழியாகவும் பின்கதவு வழியாகவும் உள்ளே வரும். உங்கள் எஞ்சின் அணைந்திருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் வேறொரு பஸ் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டு நின்றாலும், கடைக்காரர் ஜெனரேட்டர் ஓடினாலும் உங்கள் வேனை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு விரல் ஜன்னல் திறந்திருக்கிறதே, கங்கு வைத்துக்கொள்ளலாமா? கூடாது. அந்தச் சந்து உங்கள் மூச்சு ஈரத்துக்குத்தான் போதும், கங்குக்குப் போதாது.

சமையல் செய்கிற கேஸ் சிலிண்டரையும் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும், நீங்களும் தரையில்தான் படுத்திருக்கிறீர்கள். காலையில் ஒரு தீக்குச்சி போதும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால் விடியக்காலையில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது மறந்திருக்காது. மேலே தெர்மக்கோல் விரிக்கச் சொன்னேன் அல்லவா? அது சீக்கிரம் தீப்பற்றும் பொருள். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சூடம், மெழுகுவர்த்தி எதுவும் வேனுக்குள் வேண்டாம். மலைக் குளிரில் கொசு அதிகம் இருக்காது, பயப்படாதீர்கள்.

தலைவலித் தைலம் தேய்க்கும் முன்...

பூட்டிய வண்டியிலோ அறையிலோ படுத்திருக்கும்போது தலை பாரம், கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் துவளல் வந்தால், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால், தைலத்தைத் தேடாதீர்கள். பித்தம், சளி, மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லாதீர்கள். கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வெளியே போங்கள். தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்பி இறக்குங்கள். எழுந்திருக்காதவரை இழுத்தாவது வெளியே போடுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் முதலில் பாதிக்கப்படுவார்கள். கர்ப்பிணி என்றால் தாய் தெளிவாக இருந்தாலும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து இருக்கும். 108-க்குப் போன் செய்து, "கங்குப் புகை" என்றோ "ஜெனரேட்டர் புகை" என்றோ தெளிவாகச் சொல்லுங்கள்.

இதற்குச் சித்த மருந்து உண்டா? கேட்பீர்கள் என்று தெரியும். கிடையாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இந்த மருத்துவத்திலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், இதற்கு மருந்து ஆக்ஸிஜன். வெறும் காற்றில் இந்த வாயு பாதியளவு வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஆகிவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்தோமே, அதை மாட்டிப் பார்த்து "98 இருக்கு, ஒண்ணுமில்ல" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்ஸிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நன்றாக இருப்பதாகவே காட்டும். சிலருக்கு அப்போது தெளிந்துவிட்டு, சில நாளோ சில வாரமோ கழித்து ஞாபகமறதி, தடுமாற்றம் என்று தலைகாட்டும். அதனால் "சரியாயிடுச்சு" என்றாலும் ஒரு தடவை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் குதிரைகளை ஏற்றிப் போகிற இழுவை வண்டிகளில் முன்பக்கம் ஆள் படுக்கச் சின்ன அறை வைத்திருப்பார்கள். குதிரைப் பந்தயம், கண்காட்சி என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் பனிக்காலத்திலும் அதில்தான் படுப்பார்கள். அந்த மாதிரி அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். வாயு சேர்ந்தால் அலறும். பேட்டரியில் ஓடுவது நம் நாட்டிலும் கிடைக்கிறது. வாடகை வேன் வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி மாட்டலாம். டிவியும் கலர் லைட்டும் மாட்டுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய செலவா?

சூட்டை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள்

சரி, குளிருக்கு என்னதான் செய்வது? நெருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, அதன் சூட்டை மட்டும் உள்ளே எடுத்துவாருங்கள். ஒற்றடம் என்பது சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் ஒன்று. அதைப் படுக்கைக்கும் பயன்படுத்தலாம்.

சமையல் முடிந்த அடுப்பின் ஓரத்தில் நாலைந்து காய்ந்த செங்கல்லை அடுக்கி வையுங்கள். (ஈரக்கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும்.) நன்றாகச் சூடேறியதும் சாக்கில் சுற்றி, அதன்மேல் பழைய துணி சுற்றி, படுக்கைகளின் கால்மாட்டில் ஒவ்வொன்றாக வையுங்கள். சுற்றிய பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. செங்கல் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செங்கல்லுக்கு வழியில்லையா? கல்லுப்பையோ மணலையோ வாணலியில் வறுத்துத் தடித்த துணியில் முடிந்துகொள்ளுங்கள். அல்லது வெந்நீர்ப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கித் துண்டில் சுற்றி வையுங்கள். படுப்பதற்கு அரை மணி முன்பே போர்வைக்குள் வைத்துவிட்டால் படுக்கை இதமாகிவிடும். நீரிழிவுக்காரர்களுக்கு மட்டும் கால்மாட்டில் வைக்க வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாது. காலையில் கொப்புளத்தோடு எழுந்திருப்பார்கள், அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கைக்குழந்தை பக்கத்திலும் வைக்காதீர்கள், அதற்குத் தாயின் சூடே போதும்.

உடுப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஈரம் ஆகாது. பனியில் நனைந்த புடவை, வேர்த்த பனியன், ஏரியில் கால் நனைத்த சாக்ஸ், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் படுங்கள். தலைக்குக் குல்லா அல்லது மஃப்ளர், காலுக்குக் காய்ந்த சாக்ஸ். குழந்தையின் முகத்தை மட்டும் போர்வையால் மூடாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் சுடச்சுட முடியட்டும். மிளகு ரசம், கொள்ளு ரசம், பூண்டு போட்ட குழம்பு, இட்லி, சாதம் போதும். தயிரும் வாழைப்பழமும் ராத்திரி வேண்டாம். படுக்கப் போகும்போது சுக்கு மல்லிக் காபி ஒரு அரை டம்ளர். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். சுக்கு ஒரு பங்கு, மல்லி இரண்டு பங்கு, மிளகு கொஞ்சம், கருப்பட்டி. ஊரிலேயே பொடி செய்து டப்பாவில் எடுத்துப் போங்கள். வயிற்றுப்புண் இருப்பவர்களுக்குச் சுக்கையும் மிளகையும் குறைத்து மல்லியைக் கூட்டுங்கள். ஆனால் ஒன்று, சுக்குக் காபி இதம் தரும், போர்வைக்குப் பதிலாகாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருப்பவர் "சுக்குக் காபிதான் இருக்கே" என்று அதை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்!

"ஒரு ரவுண்டு போட்டா குளிர் தெரியாது" என்று சில ஆண்கள் வேனுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். குளிர் தெரியாதுதான். ஆனால் போகாது. மது தோலில் இருக்கிற ரத்தக் குழாய்களை விரிக்கிறது, உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடுகிறது. தோல் கதகதப்பாக இருக்கும், உள்ளுடம்பு குளிர்ந்துகொண்டே போகும். பிள்ளைகளுக்குச் சளிக்கு ஒரு சொட்டு பிராந்தி ஊற்றுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைவிடக் கெடுதல் வேறில்லை. சூடம் கலந்த தைலத்தையும் கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள், சூடம் குழந்தைக்கு விஷம்.

குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிறுநீர் அதிகமாக வரும். வயதானவர்கள் "யாரையும் எழுப்ப வேண்டாம்" என்று அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களைக் கதவோரம் படுக்க வையுங்கள். டார்ச் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

வயதானவர் ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் பேசினால் குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். ஈரத்துணியை மாற்றி, நெஞ்சையும் வயிற்றையும் போர்த்தி, பக்கத்தில் ஒருவர் அணைத்துப் படுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வண்டியை நிறுத்துகிற இடத்திலும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ஏரிக்கரை பார்க்க அழகு, படுக்க ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில்தான் வந்து தேங்கும். கொஞ்சம் மேடான இடத்தில், ஒரு சுவரோ கட்டடமோ காற்றை மறைக்கிற பக்கமாக நிறுத்துங்கள். கிழக்குப் பக்கம் திறந்திருந்தால் முதல் வெயில் வேனின் மேல் விழும். எழுந்ததும் எல்லாக் கதவையும் திறந்து, போர்வைகளை வேன் மேலேயே விரித்துக் காய வைத்துவிடுங்கள். அடுத்த ராத்திரி இன்னொரு ஊரில் படுக்க வேண்டியிருக்குமே!